வேப்பெண்ணெய் அடித்தும் பூச்சி போகவில்லையே, ஏன்?

மாடித்தோட்டக்காரர்கள் பலரும் ஒரே புதிரில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே நாளில், ஒரே வேப்பெண்ணெய்க் கரைசலை எல்லாத் தொட்டிகளுக்கும் தெளித்திருப்பார்கள். அவரைக் கொடியில் அசுவினி குறைந்திருக்கும். கத்தரிக்காயைப் பிளந்தால் உள்ளே புழு நெளியும். வெண்டை இலை முன்பைவிட மஞ்சளித்திருக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஒரு வாரம் மறைந்து, மறு வாரம் பெருங்கூட்டமாகத் திரும்பியிருக்கும். எண்ணெய் கலப்படமோ, அளவு குறைந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில் அடுத்து இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல். அதற்கடுத்துப் புகையிலைக் கஷாயம். கடைசியில் கடைக்குப் போய் ஒரு பூச்சிக்கொல்லி டப்பா.

கோளாறு பெரும்பாலும் கரைசலில் இல்லை. நாம் 'பூச்சி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் வாய் வேறு, தங்குமிடம் வேறு, அவற்றைத் தின்பவை வேறு. இந்த மூன்றும் தெரியாமல் எதைத் தெளித்தாலும் குருட்டாம்போக்குதான். ஆகவே கரைசல் செய்முறைகளைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

வாயைப் பார்த்துப் பிரியுங்கள்

பூச்சி கண்ணில் படாவிட்டாலும், அது செய்த சேதத்தைக் கொண்டே அதன் வகையைச் சொல்லிவிடலாம்.

1. கடித்துத் தின்பவை. இலையில் ஓட்டை, விளிம்பில் அரைவட்ட வெட்டு, கீழே கடுகு கடுகாகக் கரும்பச்சை எச்சம். புழுக்கள், வெட்டுக்கிளிகள், இலை தின்னும் வண்டுகள் இந்த வகை. இலையோடு அதன் மேல் படிந்திருப்பதையும் சேர்த்து விழுங்குவதால், இலைமேல் தெளிக்கும் மருந்து இவற்றின் வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

2. சாறு உறிஞ்சுபவை. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, செதில் பூச்சி. ஊசி போன்ற வாயை இலைக்குள் செருகி உள்ளிருக்கும் சாற்றை மட்டும் குடிப்பவை. இலையின் மேற்பரப்பில் எதைப் பூசினாலும் இவை அதைச் சாப்பிடப் போவதில்லை. மருந்து இவற்றின் உடலில் நேராகப் பட வேண்டும். இவை பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் இருப்பதால், நின்றவாக்கில் மேலிருந்து தெளிக்கும் கரைசலில் பெரும்பகுதி வீண்.

3. குடைந்து உள்ளே வாழ்பவை. கத்தரித் தண்டு மற்றும் காய்ப்புழு, தக்காளிக் காய்ப்புழு, பாகல் பழ ஈயின் புழு, இலையில் வெள்ளைக் கோடுகளாக வளைந்து நெளிந்து தடம் போடும் இலைத் துளைப்பான். உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே தெளிக்கும் எதுவும் இவற்றை எட்டாது.

4. சுரண்டி உறிஞ்சுபவை. இலைப்பேனும் சிலந்திப்பேனும். சிலந்திப்பேன் உண்மையில் பூச்சி இனமே இல்லை. எட்டுக் கால்கள் கொண்ட சிலந்திக்கு உறவு. மிளகாய்ச் செடியில் இரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளம் உண்டு. இலை விளிம்புகள் மேல்நோக்கிச் சுருண்டு படகுபோல் ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்திப்பேன். 'இலைச் சுருட்டு' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு ஒன்றின் மருந்தை மற்றதற்கு அடிப்பதால்தான் மிளகாய் பலருக்குக் கைகூடுவதில்லை. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் கேட்கும். ஆனால் கொளுத்தும் வெயிலிலோ, எண்ணெய்க் கரைசல் அடித்து இரண்டு வாரம் ஆவதற்குள்ளோ கந்தகம் தெளித்தால் இலை கருகிவிடும்.

கொல்லக் கூடாதவற்றைக் கொல்கிறோம்

செடியில் காணும் எல்லாமே எதிரியல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். எது எதிரியல்ல என்பதில்தான் தடுமாற்றம். அடிக்கடி ஆள்மாறாட்டம் நடப்பது நான்கு இடங்களில்.

பொறிவண்டும் புள்ளி வண்டும். இரண்டும் அரைக்கோள வடிவம், இரண்டிலும் கறுப்புப் புள்ளி. பொறிவண்டின் முதுகு மெருகேற்றியதுபோல் பளபளக்கும். அது அசுவினியைத் தின்கிறது. கத்தரி, பாகல் இலைகளில் இருக்கும் புள்ளி வண்டின் முதுகு மங்கலாக, மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். பெரும்பாலும் 28 புள்ளிகள். அதன் இளம்புழு மஞ்சள் நிறத்தில் உடலெங்கும் கிளைவிட்ட முட்களோடு இருக்கும். புழுவும் வண்டும் சேர்ந்து இலையின் பச்சையத்தைச் சுரண்டி, நரம்பை மட்டும் சல்லடைபோல் விட்டுவைக்கும். சல்லடை இலை இருந்தால் புள்ளி வண்டு, சந்தேகமே வேண்டாம்.

மாவுப்பூச்சியும் அதைத் தின்னும் புழுவும். இது இன்னும் சங்கடமானது. கிரிப்டோலேமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு, காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேயே தங்கிவிட்டது. மாவுப்பூச்சியை வெளுத்து வாங்குவதில் கெட்டிக்காரன். இதன் புழு வெள்ளை மெழுகு இழைகளால் மூடப்பட்டு, பார்ப்பதற்குப் பெரிய மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். 'தலைவன் பூச்சி' என்று முதலில் இதைத்தான் நசுக்குவார்கள். வேறுபாடு நடையில் உண்டு: மாவுப்பூச்சி கிடந்த இடத்தில் கிடக்கும், இந்தப் புழு விறுவிறுவென்று நகரும்.

ஊதிப் பழுப்பேறிய அசுவினி. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உருண்டு, காகிதம்போல் பழுப்பாக அசையாமல் ஒட்டியிருக்கும். அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது. ஒட்டுண்ணிக் குளவி என்றால் கொட்டும் குளவி என்று நினைக்க வேண்டாம். எறும்பின் தலையளவே இருக்கும். வேறொரு பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, தன் குஞ்சுக்கு அந்தப் பூச்சியையே உணவாக்கும் இனம். இரண்டு மூன்று பழுப்பு அசுவினி தெரிந்தால் ஒரு வாரம் கைகட்டிக்கொண்டிருப்பதே நல்லது.

நூலில் தொங்கும் முட்டை. இலையடியில் மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். பூஞ்சை என்று எண்ணித் துடைத்துவிடுவார்கள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதன் புழு அசுவினியை வேட்டையாடுவதில் பொறிவண்டுக்குச் சளைத்ததில்லை.

பூச்சி ஏன் பெருங்கூட்டமாகத் திரும்புகிறது?

அசுவினி முட்டையிடக் காத்திருப்பதில்லை. ஆண் துணையும் வேண்டாம். பெண் நேரடியாகக் குட்டி போடும். குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்ற நான்கு நிலைகளைக் கடக்க மூன்று வாரம் முதல் ஒரு மாதம் வரை எடுத்துக்கொள்ளும்.

இப்போது, எல்லாவற்றையும் கொல்லும் ஒரு கரைசலைத் தெளிப்பதாக வைத்துக்கொள்வோம். நூறில் தொண்ணூறு அசுவினியும் சாகிறது, பத்தில் ஒன்பது பொறிவண்டும் சாகிறது. கணக்குக்குச் சமமாகத் தோன்றும். ஆனால் மீந்த பத்து அசுவினிக்கு உணவு ஏராளம், எதிரி இல்லை. இரண்டு வாரத்தில் பழைய எண்ணிக்கையைத் தாண்டிவிடும். மீந்த ஒற்றைப் பொறிவண்டுக்கோ தின்ன இரை குறைவு, துணையும் இல்லை, அது பறந்துபோய்விடும். இதைத்தான் வேளாண் அறிவியலில் பூச்சி மீளெழுச்சி என்கிறார்கள்.

இது தொட்டிக்குள் மட்டும் நடக்கும் விஷயமல்ல. இந்தோனேசியாவில் நெல்லைத் தாக்கிய புகையான் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அரசே மானியம் கொடுத்து மருந்து அடிக்கவைத்தது. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது, ஏனென்றால் சிலந்திகளும் மற்ற இரைவிழுங்கிகளும் முதலில் செத்தன. 1986-இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். மானியமும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

வீட்டுத் தோட்டத்துக்கு இதிலிருந்து கிடைப்பது எளிய விதி: ஒரு பொருளை வாங்கும் முன்னும் காய்ச்சும் முன்னும், இது யாரையெல்லாம் கொல்லும் என்று கேட்க வேண்டும். அது இரசாயனமா, மூலிகையா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

தமிழ்நாடு கண்ணால் கண்ட பாடம்

மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றில் ஆரம்பித்து, வீட்டு வாசல் செம்பருத்தி, கத்தரி, கொய்யா வரை வெள்ளை பூசிவிட்டது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தார்கள். உடலை மூடிய மெழுகுத்தூளில் மருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. களையிலும் வேலியோரச் செடியிலும் இருந்த பூச்சி மீண்டும் வயலுக்குள் வந்தது.

பூச்சியை அதன் சொந்த ஊரில் எது அடக்கிவைத்திருந்தது? அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. பூச்சி கப்பலேறி வந்தபோது குளவி கூட வரவில்லை, அதுதான் சிக்கல். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து அதைத் தருவித்து, சோதித்து, பெருக்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதைப் பெருக்கி விநியோகித்தன. மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் அல்ல, மாவுப்பூச்சி அடங்கியது. மருந்துச் செலவு இல்லை. குளவி தானே பரவிக்கொண்டது.

முக்கியமாக மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தெரியவந்தபோதும் இதே வழிதான். ஆப்பிரிக்காவில் 1980-களில் அதை வென்ற அனகைரஸ் லோபேசி குளவி, மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. தென்னையில் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தோன்றிய சுருள் வெள்ளை ஈக்கும் பூச்சிக்கொல்லி வேண்டாம், இயற்கையாகவே வந்து சேர்ந்த என்கார்சியா குளவியைக் காப்பாற்றுங்கள் என்பதே அறிவியலாளர்களின் பரிந்துரை.

அந்தக் குளவிகளை நீங்கள் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பல இடங்களில் அவை காற்றில் திரிகின்றன. மாடியில் நீங்கள் தெளிக்கும் ஏதோ ஒரு திரவம் அவற்றைக் கொன்றுவிடாமல் இருந்தால் போதும்.

எறும்புக்கு அங்கே என்ன வேலை?

சாறு உறிஞ்சும் பூச்சி குடிக்கும் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதம் குறைவு. வேண்டிய புரதத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரை நீரைப் பின்புறமாகக் கழிக்கும். இதுதான் இலையில் பிசுபிசுக்கும் தேன்கழிவு. அதில் கரும்பூஞ்சாணம் படர்வதால் இலை கரி பூசியதுபோல் ஆகிறது. எறும்புக்கு அந்தத் தேன் வேண்டும். ஆகவே மாடு மேய்ப்பதுபோல் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் எறும்பு காவல் காக்கும். நெருங்கும் பொறிவண்டுப் புழுவையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டும். சில வேளை மாவுப்பூச்சிக் குஞ்சுகளைப் புதுத் தளிருக்குத் தூக்கிக்கொண்டும் போகும்.

எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடியும். தொட்டி வைத்த மேசையின் கால்களைச் சிறு கிண்ணத்து நீரில் நிறுத்தலாம். நீரில் சில துளி எண்ணெய் விடாவிட்டால் எறும்புக்குப் பதில் டெங்குக் கொசுவை வளர்த்ததாகிவிடும். தரையில் உள்ள செடிக்கு, தண்டைச் சுற்றிக் காகிதம் கட்டி அதன் மேல் கிரீஸ் தடவலாம். கிரீஸைத் தண்டிலேயே பூசக் கூடாது. ஒரு கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் எறும்பு அந்தப் பாலத்தில் ஏறிவிடும் என்பதால், தொடும் கிளைகளைக் கவாத்து செய்துவிட வேண்டும்.

எல்லா எறும்பும் வில்லன் என்றும் சொல்லிவிட முடியாது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு மா மரத்தில் பல பூச்சிகளை வேட்டையாடுகிறது. சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக அதன் கூடுகளை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டியிருக்கிறார்கள். காய்கறித் தொட்டியில் மேய்ச்சல் நடத்தும் சிற்றெறும்புகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

வேம்பு எப்படி வேலை செய்கிறது?

1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கி எல்லாவற்றையும் மொட்டையடித்தபோது, வேப்ப மரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். வெட்டுக்கிளிகள் மரத்தில் இறங்கின, ஆனால் தின்னவில்லை. வேம்பின் இயல்பு முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது. அது முதலில் உணவை வெறுக்கவைக்கும் பொருள், கொல்வது பிறகுதான்.

வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின், புழுக்கள் தோலுரிக்கத் தேவைப்படும் ஹார்மோனைக் குலைக்கிறது. தின்பது குறையும், தோலுரிக்க முடியாமல் சாகும், தப்பியவை ஒழுங்காக முட்டையிடாது. இதற்கு நாட்கள் ஆகும். தெளித்த மறுநாள் காலை புழு உயிரோடு இருக்கிறதே என்று இன்னொன்றை அடிப்பவர்கள் மருந்துக்கு வேலை செய்ய அவகாசம் கொடுக்கவில்லை. வளர்ந்துவிட்ட பூச்சி இனித் தோலுரிக்காது என்பதால் அதனிடம் பலன் குறைவு. இளம்புழுவிடம்தான் வேம்பின் முழு வீரியமும் தெரியும்.

அந்த மூலக்கூறு எவ்வளவு சிக்கலானது என்றால், ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகக் கட்டமைக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவுக்கு 22 ஆண்டுகள் ஆயின, 2007-இல்தான் முடிந்தது. மரம் அதை ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் தெருவில் உதிர்க்கிறது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் பெற்ற காப்புரிமை 2000-இல் ரத்தாகி, 2005-இல் அந்தத் தீர்ப்பு உறுதியானதும் இந்த மரத்தின் கதையில் ஓர் அத்தியாயம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை:

1. வேப்பங்கொட்டைக் கரைசல் (5 சதவீதம்): மேலோடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்ட வேண்டும். ஊறியதை அன்றே தெளித்துவிட வேண்டும். புழுவுக்கு எண்ணெயைவிட இதுவே மேல்.

2. வேப்பெண்ணெய்: லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயும் நீரும் சேராது என்பதால், முதலில் எண்ணெயில் காதி சோப்புக் கரைசலைக் கலந்து பால்போல் ஆக்கி, பிறகு நீர் விட வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் மேலே மிதக்கும். முதல் செடிக்கு வெறும் நீரும் கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போய் இலை வெந்துவிடும்.

3. வெயில் அசாடிராக்டினைச் சிதைக்கும். மாலை நான்கரைக்குப் பிறகு தெளிப்பது இதற்காகவும், தேனீ கூட்டுக்குத் திரும்பியிருக்கும் என்பதற்காகவும்.

4. பல வருடங்கள் கிடந்த பழைய கொட்டை, வெயில் படும் அலமாரியில் வைத்த எண்ணெய் இரண்டிலும் வீரியம் போயிருக்கும்.

5. பாத்திரம் துலக்கும் தூளும் துணி சோப்பும் காதி சோப்புக்கு மாற்று ஆகாது. அவை இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்துக் கருக்கிவிடும்.

'இயற்கை' என்பதாலேயே மென்மையானதா?

இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. புகையிலைக் கஷாயம் செடியிலிருந்து வருகிறது என்பது உண்மை. அதில் வேலை செய்வது நிக்கோட்டின். அது பொறிவண்டு, தேனீ, மனிதன் என்று வேறுபாடு பார்க்காது. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். நிக்கோட்டின் சல்பேட் என்ற பூச்சிக்கொல்லியை உள்நாட்டில் பயன்படுத்த இந்திய அரசே தடை விதித்திருக்கிறது. போதாததற்கு, புகையிலைத் தேமல் நச்சுயிரி புகையிலைத் தூளிலிருந்து தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடியது. நாளை பறித்துச் சமைக்கப்போகும் கீரையில் இதை ஏன் தெளிக்க வேண்டும்? வீட்டுத் தோட்டத்தில் புகையிலைக்கு இடமில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மறுபுறம், பெயரைக் கேட்டால் ஆய்வகத்து விஷம்போல் தோன்றும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், அதாவது பி.டி., மண்ணில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா. அதன் புரதப் படிகங்கள் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரைத் துளைக்கின்றன. மனிதக் குடலில் அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடமே இல்லை. கடைகளில் கிடைக்கும் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளித்தால் முட்டைக்கோஸ், தக்காளி, முருங்கைப் புழுக்கள் ஓரிரு நாளில் தின்பதை நிறுத்தும். பொறிவண்டுக்குத் தொல்லையில்லை. அசுவினிக்கும் தொல்லையில்லை, ஏனென்றால் அது இலையைத் தின்பதே இல்லை. வாயைப் பாருங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்குத்தான்.

கத்தரி ஏன் கைக்கு அகப்படுவதில்லை?

கத்தரித் தண்டு மற்றும் காய்ப்புழுவின் தாய், வெள்ளையும் பழுப்புமான சின்னஞ்சிறு அந்துப்பூச்சி. இரவில் இலையடியில் ஒவ்வொன்றாக முட்டையிடும். சில நாட்களில் பொரியும் புழு, சில மணி நேரத்துக்குள் இளந்தண்டிலோ காயிலோ நுழைந்துவிடும். நுழைந்த துளையையும் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். வெளியே நடமாடும் அந்தச் சில மணி நேரம்தான் எந்த மருந்துக்கும் கிடைக்கும் வாய்ப்பு. அதனால்தான் சந்தைக் கத்தரிக்கு இவ்வளவு மருந்து அடிக்கப்படுகிறது, பி.டி. கத்தரி சர்ச்சையும் இதிலிருந்து எழுந்தது. மேலே சொன்ன அதே பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்தால் புழு உள்ளே நுழைந்தும் சாகும் என்பது அதன் தர்க்கம். இந்தியாவில் அதற்கு 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை விதித்தார். வங்கதேசத்தில் 2014 முதல் பயிராகிறது. தெளிக்கும் பி.டி.யும் விதைக்குள் உள்ள பி.டி.யும் ஒன்றல்ல என்பதைச் செய்தி படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பத்துச் செடி வைத்திருப்பவருக்கு இந்தச் சண்டை தேவையில்லை. புழுவின் வாழ்க்கையில் கைக்கு எட்டும் இடங்கள் மூன்று உள்ளன.

1. கொழுந்து துவண்டு தொங்கினால் அதற்குள் புழு இருக்கிறது. நீர் குறைவால் வாடும் செடி முழுவதும் வாடும். இது ஒரு நுனி மட்டும் வாடும். இரண்டு அங்குலம் கீழே கிள்ளி எடுத்துவிட வேண்டும். செடி பக்கக் கிளை விட்டு ஈடுகட்டிவிடும்.

2. துளை விழுந்த காயை எருக்குழியில் போடக் கூடாது. புழு வெளியேறி, சருகிலும் மேல் மண்ணிலும் கூட்டுப்புழுவாகி, பத்து நாளில் அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நான்கு நாள் வெயிலில் போட வேண்டும்.

3. இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்துப்பூச்சியின் வாசனையை வைத்து ஆணை ஏமாற்றிப் பிடிப்பது. பக்கத்து வீட்டிலிருந்து ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் வந்தால் பொறியால் பயனில்லை. பூச்சி வரத் தொடங்கிவிட்டது என்று அறிவிக்கும் மணியாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே தொட்டி மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் என்று உறவுச் செடிகளையே மாற்றி மாற்றி நடுவதும் புழுவுக்குச் செய்யும் உபசாரம்தான். இடையில் ஒரு பட்டம் கீரையோ அவரையோ வரட்டும்.

வெண்டையும் பாகலும்

வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால், அது சத்துக் குறைவல்ல. வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். வந்த செடியைக் காப்பாற்றும் கரைசல் உலகத்தில் கிடையாது. முதல் செடியைப் பிடுங்கினால் மற்றவை பிழைக்கும். பாவம் பார்த்து விட்டுவைத்தால் எல்லாம் போகும். நோயைத் தாங்கும் அர்கா அனாமிகா போன்ற ரகங்களை விதைப்பது முதல் காப்பு. மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈயின் வரவைக் காட்டும். நிறையத் தொங்கவிட்டால் குளவிகளும் அதில் ஒட்டிச் சாகும்.

பாகல், புடலை, பீர்க்கனில் காய் கோணிப் பழுத்து அழுகுவது பழ ஈயால். பூ உதிர்ந்து பிஞ்சு விரலளவு ஆனதும் காகிதப் பையோ துணிப் பையோ மாட்டிவிட்டால் ஈ முட்டையிட முடியாது. தொட்டியில் இதைவிட உறுதியான வழி கிடையாது.

ஊட்டம் கூடினாலும் ஆபத்து

தழைச்சத்து மிகுந்தால் தளிர் மென்மையாகி, சாற்றில் அமினோ அமிலங்கள் கூடும். அசுவினிக்கு அது விருந்து. யூரியாவுக்குப் பொருந்தும் இந்த விதி மீன் அமிலத்துக்கும் கோழி எருவுக்கும் அப்படியே பொருந்தும். வாரா வாரம் மீன் அமிலம் தெளித்துவிட்டு, அசுவினி ஏன் போகவில்லை என்று வியப்பதில் பொருளில்லை.

பருவமும் கணக்கில் வர வேண்டும். மார்கழி, தைப் பனியில் அவரையை அசுவினி மொய்க்கும். அப்போது பனி ஈரம் இருக்கையில் விறகுச் சாம்பலைத் தூவும் பழைய வழக்கம் சிறு தாக்குதலுக்குப் போதும். மாசி முதல் வெள்ளை ஈ. சித்திரை, வைகாசியில் வெப்பத்தோடு சிலந்திப்பேன். இலையடியில் வேகமாக நீர் பீய்ச்சுவதே அதற்கு முதல் வைத்தியம். பூச்சியைத் தாக்கிக் கொல்லும் பவேரியா, வெர்டிசிலியம் போன்ற பூஞ்சைத் தூள்களுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அவற்றைத் தெளிப்பது காசைக் கரைப்பது.

எந்த வரிசையில் செய்வது?

1. வாரம் இரண்டு முறை, காலையில், இலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இருபது தொட்டிக்குக் கால் மணி நேரம் போதும்.

2. பூச்சி தெரிந்தால் அன்றே தெளிக்க வேண்டாம். சேதத்தின் வகையைப் பிரித்து, பக்கத்தில் பொறிவண்டு, பழுப்பு அசுவினி, நூல் முட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஐந்தாறு நாள் விட்டுப்பிடிக்கலாம்.

3. எறும்பு வரிசை இருந்தால் அதை முதலில் துண்டியுங்கள்.

4. கையால் முடிவதைக் கையால்: புள்ளி வண்டின் மஞ்சள் முட்டைக் குவியல், துவண்ட கொழுந்து, மாவுப்பூச்சி மண்டிய நுனி. முருங்கைக் கம்பளிப்புழு பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும்போது ஒரே மூச்சில் அப்புறப்படுத்தலாம்; வெறுங்கை மட்டும் வேண்டாம், ரோமம் பட்டால் அரிக்கும்.

5. பிறகு நீர். அசுவினியை விசையோடு அடித்து விழவைத்தால் பெரும்பாலானவை செடிக்குத் திரும்ப முடியாது.

6. அதற்கும் அடங்காவிட்டால் சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ, தாக்கப்பட்ட செடிக்கு மட்டும், இலையடியில். புழு என்றால் வேப்பங்கொட்டைக் கரைசலோ பி.டி.யோ. ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை.

7. இலையைப் பார்த்து இன்னதென்று பிடிபடவில்லை என்றால், தாக்கப்பட்ட கிளையைப் பூச்சியோடு ஒரு மூடிய பையில் போட்டு, மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துச் செல்லலாம். மருந்து தெளிப்பதற்கு முன் எடுத்துச் செல்லுங்கள். தெளித்த பிறகு கொண்டுபோனால் அவர்கள் பார்ப்பது பூச்சியின் சேதமா, மருந்தின் சேதமா என்று சொல்வது கடினம்.

கறிவேப்பிலையில் மட்டும் இந்த வரிசைக்கு ஒரு விலக்கு. பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடந்து, வளர்ந்ததும் பச்சையாக மாறும் புழு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. வளர்ந்த மரத்துக்கு நான்கைந்து புழு ஒரு பொருட்டே இல்லை. ஓரடி உயரக் கன்றாக இருந்தால் மட்டும் எடுத்துப் பக்கத்தில் உள்ள எலுமிச்சையிலோ பெரிய கறிவேப்பிலை மரத்திலோ விட்டுவிடலாம்.